வராதவர் நோட்டு

அத்தியாயம் 16

ஏர்ஹாரன் சத்தம் சுவரை உலுக்கியது. ஒரு முறை இல்லை, மூன்று முறை. விஜயகுமாரியின் கையிலிருந்த பால் பாத்திரம் சாய்ந்தது. பால் அடுப்பு மேடை நெடுக ஓடி, விளிம்பிலிருந்து தரையில் சொட்டத் தொடங்கியது.

துணியை எடுத்துத் துடைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. கைதான் போகவில்லை. நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, பால கொட்டிட்டு வேடிக்க பாக்கற" என்றபடி மகள் பெர்சிஸ் ஓடி வந்து அடுப்பை அணைத்தாள். செங்கல்பட்டில் நர்சிங் இரண்டாம் வருஷம் படிப்பவள். ஞாயிற்றுக்கிழமைக்காக நேற்று மாலை வந்திருந்தாள்.

"என்னடி சத்தம்?"

"மூணு பஸ்ஸு. நம்ம சந்துக்குள்ள ரிவர்ஸ்ல வருது. அண்ணன் நடுவுல நின்னு 'வரலாம் வரலாம்'னு கைய ஆட்டிக்கினு இருக்கான். பஸ்ஸு வந்துடும். திரும்பிப் போறதுக்குத்தான் வழி இல்ல."

விஜயகுமாரி ஜன்னல் பக்கம் போனாள். நெம்மேலியில் கடற்கரைக்குப் போகிற அந்தச் சந்தின் கடைசியில், வீட்டை ஒட்டியே சபை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, நான்கு மின்விசிறி, சிமெண்டுத் தரை, அதன் மேல் விரிக்கக் கோரைப்பாய்கள். முப்பத்து நான்கு பேருக்கு அது தாராளமான இடம்.

இன்று காலை அதற்குள் இருநூறு பிளாஸ்டிக் நாற்காலிகள்.

நான்கு மாதமாக எல்லாவற்றையும் அவள் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஓடுகிற ரயிலிலிருந்து யாருடைய ஊரையோ பார்ப்பதுபோல. அழுகை வரவில்லை. வரும் வரும் என்று சொந்தக்காரர்கள் ஒரு வாரம் காத்திருந்துவிட்டு மதுராந்தகத்துக்கு ரயிலேறிப் போய்விட்டார்கள்.

அவள் கணவர் சத்தியசீலன் இந்தச் சபைக்கு இருபத்திரண்டு வருஷம் பாஸ்டர். நான்கு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு மதியம், உப்பங்கழியைத் தாண்டித் திருப்போரூருக்குப் போகும் கழிச் சாலையில் அவருடைய பைக்கின் மேல் டிப்பர் லாரி மோதியது. சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்.

அந்தப் பக்கம் ஏன் போனார் என்பதுதான் எல்லோருக்கும் புரியவில்லை. சபை ஆட்கள் அத்தனை பேரும் கரைப் பக்கம் இருப்பவர்கள். கழிக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் வீடு கிடையாது. போலீஸ்காரர் கேட்டார், உறவு கேட்டது, சபை கேட்டது.

"தெரியாது" என்றாள் விஜயகுமாரி. புருஷனைப் பறிகொடுத்தவளை இரண்டாம் முறை கேட்க யாருக்கும் மனம் வரவில்லை.

அவர் ஞாயிறு மதியம் பைக் எடுத்துப் போவது மட்டும் புதிதில்லை. ஊர் உலகத்தில் எல்லா சபையிலும் வந்தவர்களை எண்ணி எழுதுவார்கள். சத்தியசீலன் வராதவர்களை எழுதினார்.

"வந்தவன எண்ணி என்ன பண்ணப் போறோம்? அவன்தான் வந்துட்டானே" என்பார்.

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் டீ. டீ கையில் வாங்கியதும் முதல் கேள்வி, "யாரு வரல?" கதவோரம் பாயில் உட்கார்ந்து எல்லோரையும் பார்க்கிறவள் விஜயகுமாரி. அவள் பெயர்களைச் சொல்வாள். அவர் கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொள்வார். எழுதிய பெயர் அத்தனைக்கும் அன்றைக்கே நேரில் போவார். காய்ச்சலா, கோபமா, கடலுக்குப் போய்விட்டானா, கட்டிக்கொள்ள நல்ல புடவை இல்லையா. போய் உட்கார்ந்து, "சாப்டீங்களா" என்று கேட்டுவிட்டு வருவார்.

"ஆள் சேர மாட்டேங்குதே பாஸ்டரே" என்று யாராவது குறைப்பட்டால், "அறுபது பேரு ஆனா ஒரு ஞாயித்துக்கெழம பத்தாதுப்பா" என்று சிரிப்பார்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிவந்த அவருடைய பையில் வேதாகமமும் கண்ணாடிக் கூடும் இருந்தன. நோட்டு இல்லை. விஜயகுமாரி அதைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை.



"அம்மா, ரெடியா?" அபிஷேக் உள்ளே வந்தான். வெள்ளைச் சட்டை, கழுத்தில் நீல நாடா, அதில் தொங்கும் அட்டை. சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவன், திருப்போரூரில் அறை எடுத்துத் தங்கி, ஞாயிறுதோறும் வீட்டுக்கு வந்துவிடுவான்; அவனைத் தேடி யாரும் அங்கே போனதில்லை. அப்பா போன பிறகு வேலையை விட்டுவிட்டு, ஓ.எம்.ஆர். ரோட்டில் இருக்கிற பெரிய சபையில் சேர்ந்திருந்தான். நாலாயிரம் பேர் கூடும் சபை அது. அதன் வெளியூர் ஊழியப் பிரிவில் முழுநேர வேலை.

இப்போது அந்தப் பெரிய சபை நெம்மேலிச் சபையைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளக் கேட்கிறது. இடம் சத்தியசீலன் பெயரில் இருந்தது. இப்போது விஜயகுமாரியின் சம்மதம் வேண்டும். முந்நூறு பேர் உட்காரும் ஹால், பிள்ளைகளுக்கு டியூஷன், கரைக்கென்று ஒரு ஆம்புலன்ஸ். ஹாலுக்கு சத்தியசீலன் பெயர். கடிதம் தயார். இன்று சாயங்காலம் ஆறு மணிக்குள் கையெழுத்து. போடாவிட்டால் பாஸ்டர் இல்லாத சபை இன்னும் எத்தனை மாதம் ஓடும் என்று அவளுக்கே தெரியாது.

"பஸ் எதுக்குடா?" என்றாள்.

"நூத்தி எண்பது பேரும்மா. எங்க சபையிலருந்து சப்போர்ட்டுக்கு வந்திருக்காங்க. புது எடம் தொடங்கற அன்னிக்கு காலி சேர் தெரியக் கூடாது. அது ஒரு ரூலு. பாக்கறவங்களுக்கு நம்பிக்க வரணும்ல."

"உங்க ஆளுங்கள நீங்களே கூட்டியாந்து நீங்களே எண்ணிப்பீங்களா?" என்றாள் பெர்சிஸ். "கல்யாணத்துல பொண்ணு வூட்டுப் பக்கம் ஆளு கொறஞ்சா பக்கத்து மண்டபத்துலருந்து கூப்ட்டு உக்கார வைப்பாங்களே, அந்த மாதிரி."

"நீ கொஞ்சம் வாய மூடறியா."

"மூடிட்டேன். என்னையும் சேத்து எண்ணிக்க."

விஜயகுமாரி கேட்டாள்: "பாயெல்லாம் எங்க?"

"சுருட்டிப் பின்னாடி வச்சிட்டேன்."

"கன்னியம்மாவுக்கு சேர்ல உக்காந்தா காலு மரத்துப் போகும்."

"பழகிக்குவாங்கம்மா" என்று சொல்லிவிட்டு அவன் வெளியே ஓடினான். தகப்பன் நடை. முன்பாதத்தில் அழுத்தம் கொடுத்து, எதையோ பிடிக்கப் போவதுபோல. அதைப் பார்த்தால் நெஞ்சில் ஏதாவது ஆக வேண்டும். ஆகவில்லை. அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கிளம்பினாள்.



அவளை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். முதுகுக்கு மெத்தை வைத்த நாற்காலி அது ஒன்றுதான்.

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று தெரியவில்லை. பின்னாலிருந்து ஒரு சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. க்ளிக். க்ளிக். வாசலில் நின்ற தொண்டர் அங்கே வருகிற ஒவ்வொரு தலைக்கும் கையிலிருந்த கருவியை அழுத்துகிறார் என்று பெர்சிஸ் காதில் சொன்னாள்.

பாட்டு தொடங்கியது. கீபோர்டு, டிரம்ஸ், நான்கு பாடகர்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை அதிர்ந்து, தூசி அவள் மடியில் விழுந்தது. நல்ல பாட்டுத்தான். நன்றாகத்தான் பாடினார்கள்.

பிரசங்கம் மோகன். நாற்பத்தைந்து வயது, பெரிய சபையின் விரிவாக்கப் பொறுப்பாளர். கத்தாமல் பேசுகிறவர்.

"எண்ணிக்கைன்னு சொன்னா சில பேருக்குக் கசக்கும். ஆனா ஒவ்வொரு எண்ணும் ஒரு ஆளு. இந்தக் கரையில கோவளத்துலருந்து மாமல்லபுரம் வரைக்கும் எத்தன குடும்பம், எத்தன பேருக்குத் துணை இல்லன்னு நெனச்சுப் பாருங்க. நமக்கு நாமே போதும்னு உக்காந்துட்டா அவங்ககிட்ட யாரு போறது?"

அந்தக் கேள்வி சரியான கேள்விதான் என்று விஜயகுமாரிக்குப் பட்டது. பதில் தேடினாள். உள்ளே காலி வீட்டில் கூப்பிட்டதுபோல இருந்தது.

கடைசியில் மோகன் ஒரு சீட்டைப் பார்த்துச் சொன்னார். "இன்னைக்கு நம்மோட இருநூத்திப் பதினாலு பேர்."

கைதட்டல். அபிஷேக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

விஜயகுமாரி எழுந்து திரும்பிப் பார்த்தாள். சிரித்த முகங்கள், நல்ல துணிமணி, செல்போன்கள். வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனாள். கதவோரம், அவள் உட்காரும் இடத்தில், ஆளுயர ஸ்பீக்கர் நின்றது.

தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.



"சிஸ்டர், மொதல்ல டீ சாப்பிடுங்க" என்றார் மோகன். வீட்டுக் கூடத்தில் மேஜை மேல் கடிதமும் பேனாவும் இருந்தன. "நான் அவசரப்படுத்த வரல. பாஸ்டர் மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா நெனக்காதீங்க. சின்னதா இருக்கறதே பரிசுத்தம் ஆயிடாது. இருபத்திரண்டு வருஷம் அதே முப்பத்தி நாலு பேர்னா, வெளிய இருக்கறவங்களுக்கு நம்ம கதவு தெரியலன்னு அர்த்தம்."

"டீ" என்றாள் விஜயகுமாரி.

"என்ன சிஸ்டர்?"

"ஒண்ணுமில்ல." கையில் டீ டம்ளர் இருந்தது. ஆராதனை முடிந்திருந்தது. அந்த வேளைக்கென்று ஒரு கேள்வி உண்டு. அதைக் கேட்கிற ஆள் இல்லை.

டம்ளரை வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து பெர்சிஸின் எழுதாத கல்லூரி நோட்டு ஒன்றை எடுத்தாள். மேஜையில் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்தாள். அவர்கள் வைத்திருந்த பேனாவையே எடுத்து எழுதத் தொடங்கினாள்.

மோகன் பொறுமையாக இருந்தார். பிறகு எட்டிப் பார்த்தார். "என்ன எழுதறீங்க?"

"வராதவங்க பேரு."

அவள் எழுதிக்கொண்டே போனாள். கன்னியம்மா. வேண்டா. வேண்டாவின் குழந்தை. ஒரு பக்கம் முடிந்து திருப்பினாள். கடைசியாக சடையப்பன். கன்னியம்மாவின் புருஷன். ஞானஸ்நானம் வாங்காதவர், உள்ளே ஒரு நாளும் கால் வைக்காதவர். பெண்டாட்டியை மொபெட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஆராதனை முடியும்வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். "வெளிய உக்காந்தாலும் வந்தவன் வந்தவன்தான்" என்று சத்தியசீலன் அவரையும் கணக்கில் சேர்த்திருந்தார்.

முப்பத்து நான்கு.

மோகன் இரண்டு பக்கத்தையும் படித்தார். "இது மொத்த சபையாச்சே சிஸ்டர்."

"ஆமா."

"அபிஷேக்?" மோகன் திரும்பினார். அவர் குரலில் நிஜமான கலக்கம் இருந்தது. "இவங்க யாருமே வரலயா?"

சுவரோரம் நின்ற அபிஷேக் தரையைப் பார்த்தான். "வந்தாங்க" என்றான். "வாசல் வரைக்கும் வந்தாங்க."

விஜயகுமாரி நோட்டை மூடினாள். "பெர்சிஸ், வண்டிய எடு. போயிட்டு வந்து கையெழுத்தப் பத்திப் பேசறேன்."

"எனக்கு மாமல்லபுரத்துல ஒரு மீட்டிங் இருக்கு" என்றார் மோகன். "திரும்பும்போது ஆறு மணிக்கு வரேன். நீங்க போயிட்டு வாங்க." வாசல்வரை வந்தவர் சற்று நின்றார். "நான் ஹாலுக்குள்ளயே இருந்துட்டேன் சிஸ்டர். வாசலுக்கு வந்து பாத்திருக்கணும்."



கன்னியம்மா வாசலில் உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை உடுத்தும் மஞ்சள் புடவை இன்னும் உடம்பில் இருந்தது. தோளில் வட்டமாக ஒரு பச்சை ஸ்டிக்கர்: 'முதல் முறை வருகிறேன்.'

"வா பாஸ்டரம்மா. வூடு தெரிஞ்சுதா?"

ஏன் வரவில்லை என்று கேட்கத்தான் விஜயகுமாரி வாயைத் திறந்தாள். சத்தியசீலன் அப்படி ஒரு நாளும் கேட்டதில்லை என்பது நினைவுக்கு வந்தது.

"சாப்டீங்களா?" என்றாள்.

கன்னியம்மாவின் கத்தி நின்றது. அவள் கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு மீனைத் தண்ணீரில் போட்டாள்.

"நான் வந்தேன் பாஸ்டரம்மா. எட்டே முக்காலுக்கே வந்தேன். வாசல்ல ஒரு பொண்ணு நிக்கிது. நல்ல பொண்ணுதான், சிரிச்சிகினேதான் பேசுது. 'ஆன்ட்டி, ஃபர்ஸ்ட் டைமா'ன்னுது. இருவது வருசமா வரேன்மான்னேன். 'இல்ல ஆன்ட்டி, நம்ம சபைக்கு ஃபர்ஸ்ட் டைமா'ன்னு கேக்குது. நானு இன்னா சொல்றது? பேரு கேட்டுச்சி, போன் நம்பரு கேட்டுச்சி. அப்பால கேக்குது, 'எங்களப் பத்தி உங்களுக்கு யாரு சொன்னாங்க ஆன்ட்டி?'"

பெர்சிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா வேறு ஏதாவதா என்று தெரியவில்லை.

"என்ன சொன்னீங்க?"

"பாஸ்டரு சொன்னாருன்னேன். எந்தப் பாஸ்டருன்னுது." கன்னியம்மா தோளைப் பார்த்துக்கொண்டாள். "இத்த ஒட்டிச்சி. ஒரு பையில பிஸ்கோத்து, பேனா, இன்னாவோ புக்கு. பின்னாடி சேர்ல உக்காருங்கன்னுது. பாயி எங்கம்மான்னேன். பாயான்னு கேட்டுச்சி. அதான், வந்துட்டேன். நான் திரும்பனதப் பாத்து மத்த ஆளுங்களும் திரும்பிட்டாங்க."

வீட்டுக்கு எதிரே நிறுத்திய மொபெட்டின் மேல் சடையப்பன் உட்கார்ந்திருந்தார். வீட்டிலும் அவருக்கு அதுதான் ஆசனம். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் காவல் வேலை. இரவுப்பணி முடிந்த கண்கள்.

"என்னாண்ட மட்டும் கரெக்டா கேட்டாங்க பாஸ்டரம்மா" என்றார். "'அண்ணாத்த, நீங்க மெம்பரா'ன்னாங்க. இல்லன்னேன். நெசந்தானே? 'உள்ள வாங்க'ன்னு கையப் புடிச்சி இழுத்தாங்க. பாஸ்டரே இருவது வருசமா இழுக்கல, நீ இன்னாத்துக்குப்பா இழுக்கறன்னேன்."

"ஸ்டிக்கர் ஒட்டலையா உங்களுக்கு?" என்றாள் பெர்சிஸ்.

"வண்டில ஒட்டிகினேன்." நிஜமாகவே ஹெட்லைட்டுக்கு மேல் ஒட்டியிருந்தார்.

கன்னியம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "உன் புள்ள பக்கத்துலதான் நின்னுகினு இருந்தான். என்னப் பாத்தான். அப்பால போன நோண்ட ஆரம்பிச்சிட்டான்." உடனே சேர்த்துச் சொன்னாள்: "அவனத் திட்டாத. தலைக்கி மேல வேல அவனுக்கு."

விஜயகுமாரி நோட்டில் கன்னியம்மா பெயருக்கு எதிரே ஒரு புள்ளி வைத்தாள். சடையப்பனுக்கும் ஒன்று. போய்ப் பார்த்த பெயருக்கு சத்தியசீலன் அப்படித்தான் வைப்பார்.

எழுந்தபோது கன்னியம்மா சொன்னாள்: "கடைசியா பாஸ்டரப் பாத்தது நான்தான் தெரிமா? கழி ரோடு திரும்பற எடத்துல கூடையோட நின்னுகினு இருந்தேன். வண்டிய நிறுத்தனாரு. இன்னா பாஸ்டரே, இன்னிக்கி யாரு வரலன்னு கேட்டேன். 'ஒருத்தன்தான் கன்னியம்மா, கொஞ்சம் தூரமாப் பூட்டான்'ன்னாரு. சிரிச்சிகினேதான் சொன்னாரு. போலீசாண்ட நான் சொல்லல. இன்னாத்துக்கு?"

பெர்சிஸ் அம்மாவைப் பார்த்தாள். "யாரும்மா அது?"

"வண்டிய எடு" என்றாள் விஜயகுமாரி.



நான்கு மணிக்குள் பதினொரு வீடு போனார்கள். யாரும் கோபமாக இல்லை. எல்லோரும் ஏதோ தாங்கள் தப்பு செய்ததுபோல நின்றார்கள். ஒருவர், "அடுத்த வாரம் எத்தினி மணிக்கு நம்மள்து, எத்தினி மணிக்கு அவங்களுதுன்னு சொல்லிட்டா, அந்த டைமுக்கு வந்துக்கறோம்" என்றார்.

வேண்டா மட்டும் வேறு மாதிரி பேசினாள். இருபத்து மூன்று வயதுப் பெண். இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தை. குழந்தைக்கு இழுப்பு.

"அவங்க ஆம்புலன்ஸு குடுக்கறாங்களாமே, நெசமா பாஸ்டரம்மா?"

"சொல்றாங்க."

"இதுக்கு மூச்சு முட்டனா செங்கல்பட்டுக்குப் போய்ச் சேரவே ஒரு மணி நேரமாவுது. பாஸ்டரு ரெண்டு தபா பைக்குலயே கொண்டு போனாரு. முன்னாடி அவரு, நடுவுல கொழந்த, பின்னாடி நானு." குழந்தையின் மூக்கைத் துடைத்தாள். "இப்போ யாரு வருவா? எனக்கு சேர்ல உக்கார்றது ஒண்ணும் கஸ்டமில்ல. ஸ்டிக்கர்கூட ஒட்டிக்குவேன்."

விஜயகுமாரி குழந்தையின் மார்பில் கை வைத்தாள். உள்ளே மெல்லிய சீட்டி போல ஒரு சத்தம். அவள் கை அங்கேயே இருந்தது. எடுக்க மறந்துவிட்டது.

திரும்பும் வழியில் கடற்காற்று முகத்தில் அடித்தது. பெர்சிஸ் முன்னால் இருந்து கத்திப் பேசினாள்.

"கையெழுத்துப் போடப் போறியா?"

"தெரியல."

"அப்பா இருந்தா போட மாட்டாருல்ல?"

"வேண்டா வீட்டுக்கு அப்புறம் என்ன பண்ணியிருப்பாருன்னு தெரியலடி" என்றாள் விஜயகுமாரி. நான்கு மாதத்தில் அவள் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.



பஸ்கள் போய்விட்டிருந்தன. சந்தில் டயர் தடம் ஆழமாகக் கிடந்தது. பெர்சிஸ் டீ போட உள்ளே போனாள்.

சபைக்குள் நாற்காலிகளெல்லாம் பத்துப் பத்தாக அடுக்கிச் சுவரோரம் நின்றன. பாய்கள் மறுபடி விரித்திருந்தன, கோணலாக. பாய் விரிக்கத் தெரியாதவன் விரித்தது. நடுவில் அபிஷேக் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். கழுத்தில் அட்டை இல்லை.

விஜயகுமாரி கதவோரம் தன் இடத்தில் உட்கார்ந்தாள். மடியில் நோட்டு.

"கன்னியம்மா சாப்ட்டாங்களா?" என்றான்.

"இல்ல. மீன் கழுவிட்டிருந்தா."

"நான் பாத்தேம்மா. 'இவங்க எங்க சபை'ன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். கேமரா டீம் பக்கத்துல நின்னுது. எனக்கு மெசேஜ் வந்த மாதிரி குனிஞ்சிட்டேன். மெசேஜ் எதுவும் வரல."

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

அவன் சட்டைக்குள்ளிருந்து ஒரு நோட்டை எடுத்தான். பழுப்பு அட்டை. ஒரு மூலை நசுங்கியிருந்தது. கோடு போட்ட எண்பது பக்க நோட்டு. அதைப் பாயில் வைத்து அவள் பக்கம் நகர்த்தினான்.

"ஆஸ்பத்திரிக்கு நான்தானே மொதல்ல போனேன். பைய எங்கிட்ட குடுத்தாங்க. இத நான் எடுத்து வச்சிக்கிட்டேன்."

விஜயகுமாரி அதைத் தொடவில்லை.

"அந்த ஞாயித்துக்கெழம நான் வீட்டுக்கு வரல. உங்க யாருக்கும் சொல்லல. பெரிய சபைக்குப் போனேன், மொத தடவ. நாலாயிரம் பேரும்மா. நான் வந்ததும் யாருக்கும் தெரியல, வரலன்னாலும் யாருக்கும் தெரிஞ்சிருக்காது. எனக்கு அது புடிச்சிருந்துது. பாஸ்டர் பையன்னு யாரும் திரும்பிப் பாக்கல. மூச்சு விட முடிஞ்சுது."

அவன் குரல் இறங்கியது.

"ரெண்டு மணிக்கு ரூமுக்கு வந்து போன ஆன் பண்ணேன். போலீஸ்கிட்டருந்து கால். அப்பா ரூமுக்கு ரெண்டு கிலோமீட்டர்ல கிடந்திருக்காரு. கடைசிப் பக்கத்துல ஒரே பேருதான்மா இருக்கு. என் பேரு. என்னத் தேடித்தான் வந்திருக்காரு. நாலு மாசமா சொல்லணும்னு இருக்கேன். இந்த எடத்தப் பெருசாக் கட்டி, அப்பா பேர மேல எழுதிட்டா, சொல்ற தைரியம் வந்துடும்னு நெனச்சேன்."

வெளியே சந்து முனையில் கார் ஹாரன் மெதுவாக ஒரு தடவை கேட்டது. மோகன். ஆறாகப் பத்து நிமிஷம் இருந்தது. கூடத்து மேஜையில் கடிதம் அப்படியே இருந்தது.

"ஏதாவது சொல்லும்மா. திட்டு. உனக்குக் கோபமே வரலயா?"

விஜயகுமாரி இப்போதுதான் அந்தப் பழுப்பு நோட்டின் மேல் கை வைத்தாள். திறக்கவில்லை. நசுங்கிய மூலையைக் கட்டைவிரலால் நீவி நேராக்கப் பார்த்தாள். அது நேராகவில்லை.

"டீ குடிச்சிட்டு, 'பெத்த புள்ள பேர எப்படி விஜயா இதுல எழுதறது'ன்னு உங்கப்பா கேட்டாரு" என்றாள். "எல்லாரையும் எழுதறீங்கல்ல, அவனையும் எழுதுங்க, போய்ப் பாத்துட்டு வாங்கன்னு நான்தான்டா அனுப்பினேன்."